கட்டணம் இல்லை, பஸ்ஸும் இல்லை: கலிபோர்னியா சார்ட்டர் பள்ளிகள்

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளிதான். நிர்வாகம் மட்டும் தனி போர்டிடம் இருக்கும். 1991இல் மினசோட்டா இதற்கு முதல் சட்டம் போட்டது, மறு ஆண்டே கலிபோர்னியாவும் போட்டது. ஃபீஸ் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது. 'பெற்றோர் இத்தனை மணி நேரம் வாலண்டியர் வேலை பார்த்தால்தான் சீட்' என்று ஒரு பள்ளி சொன்னால் அது சட்டவிரோதம். 2022–23 முதல் காலை, மதியம் இரண்டு வேளைச் சாப்பாடும் இலவசம். மான்டிசோரி, இருமொழி வகுப்பு என்று பிள்ளைக்குப் பொருந்தும் முறையைக் காசில்லாமல் தேர்ந்தெடுக்கலாம் என்பது பெரிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் பஸ்ஸில் தொடங்குகிறது. பஸ் விடவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெரும்பாலான பள்ளிகள் விடுவதும் இல்லை. பள்ளி 8 மைல் தள்ளி இருந்தால் காலையில் விட்டு வருவது, மாலையில் கூட்டி வருவது என நாளுக்கு 32 மைல். சார்ட்டர் பள்ளிக்குக் குறைந்தபட்ச வேலைநாள் 175. ஆண்டுக்கு 5,600 மைல் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் விடும் பள்ளிகளும் உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதை முதலிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது கட்டடம். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது வகுப்பறைச் சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்து மயங்காமல், 'இந்த இடம் சொந்தமா, நீண்ட குத்தகையா, பிராப் 39 இடமா?' என்று கேளுங்கள். பிராப் 39 என்றால் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் வளாகத்தில் ஒதுக்கித் தந்த அறைகள். பள்ளி இதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு வேறு வளாகம் கிடைத்தால் உங்கள் 8 மைல் 14 மைலாகிவிடும்.

அனுமதியின் ஆயுளையும் கேளுங்கள். சார்ட்டர் என்பதே காலக்கெடு உள்ள அனுமதி, பொதுவாக 5 ஆண்டு. 2019இல் வந்த ஏபி 1505 சட்டப்படி, பள்ளிகளின் தரத்தை நிறங்களில் காட்டும் மாநில டேஷ்போர்டில் தொடர்ந்து பின்தங்கும் பள்ளிக்குப் புதுப்பிப்பு மறுக்கப்படலாம், அல்லது 2 ஆண்டு மட்டும் கிடைக்கலாம். பிள்ளை மூன்றாம் வகுப்பில் சேரும்போது பள்ளி அனுமதியின் நான்காம் ஆண்டில் இருந்தால் அந்த டேஷ்போர்டு நிறங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். போர்டு கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும் என்பது விதி. அதில் பட்ஜெட் பக்கத்தைத் திறந்து, எதிர்பார்த்த மாணவர் எண்ணிக்கையையும் வந்த எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். மாநிலப் பணம் சராசரி தினசரி வருகையை வைத்து வருகிறது. 300 பேர் என்று திட்டமிட்டு 255 பேர் வந்தால் ஆண்டு நடுவிலேயே ஆசிரியர் பணியிடமோ ஓவிய வகுப்போ போகும். பள்ளிகள் மூடப்படுவதும் பெரும்பாலும் இந்த ஓட்டையில்தான் தொடங்குகிறது.

சேர்க்கைப் படிவங்களோடு வரும் வீட்டுமொழிக் கணக்கெடுப்பில் 'தமிழ்' என்று எழுதினால், 30 நாளுக்குள் பிள்ளைக்கு எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு நடக்கும். எந்தப் பொதுப்பள்ளியிலும் இதே விதிதான். பயப்பட வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம். தேறிவிட்டால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் கூடுதல் ஆங்கிலப் பயிற்சி கிடைக்கும், ஆங்கிலத்தில் தேர்ந்தவர் என்று பள்ளி மறுவகைப்படுத்தும் வரை ஆண்டுதோறும் எழுத வேண்டும்.

பிள்ளைக்கு ஐ.ஈ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனித் திட்டம்) இருந்தால் பள்ளி அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. மாற்றிச் சேர்ந்ததும் பழைய ஐ.ஈ.பி.க்கு இணையான சேவையை 30 நாள் வரை தந்து, அதற்குள் கூட்டம் போட வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட் பள்ளி ஊழியரா, வாரம் ஒருமுறை வெளியிலிருந்து வருகிறவரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முழுக்க ஆன்லைனில் நடக்கும் சார்ட்டரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2023இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், சார்ட்டர் மாணவர்கள் மொத்தமாக, அவர்களை ஒத்த மற்றப் பொதுப்பள்ளி மாணவர்களைவிட வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் பாடத்துக்கு இணையாக முன்னே இருந்தார்கள். ஆன்லைன் பள்ளி மாணவர்களோ வாசிப்பில் 58 நாள், கணிதத்தில் 124 நாள் பின்னே.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். உடன்பிறந்தவருக்கு முன்னுரிமை பல பள்ளிகளில் உண்டு. வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். வெயிட்லிஸ்ட் எண் 40 என்றாலும் பெயரை எடுத்துவிடாதீர்கள், பள்ளி திறக்கும் வாரம் வரை அது நகரும். மின்னஞ்சல் வந்தால் பதில் சொல்ல ஓரிரு நாள்தான் கிடைக்கலாம், ஸ்பாம் பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருங்கள். அதுவரை வீட்டுப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளியின் சேர்க்கையை விட வேண்டாம். அக்டோபரில் சார்ட்டர் பிடிக்காமல் திரும்பினால் டிஸ்ட்ரிக்ட் உங்களைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பக்கத்துப் பள்ளியில் அந்த வகுப்பு நிரம்பியிருந்தால் அதே டிஸ்ட்ரிக்டின் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம்.