டிஸ்க்வேர்ல்ட்: எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி ப்ராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற கற்பனை உலக நகைச்சுவை வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். முதலாவது 1983இல் வந்தது. கடைசி நாவல் 2015இல், அவர் இறந்து சில மாதங்கள் கழித்து வந்தது. இவ்வளவு பெரிய அடுக்கைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு புத்தகம் தாண்டவில்லை. ஆறு வருடம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். பிறகு ஒருநாள் எட்டாவது புத்தகமான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' கையில் கிடைத்தது. அதற்கப்புறம் நிறுத்தவே முடியவில்லை. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதப்போகிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

அந்த உலகத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. தட்டு மாதிரித் தட்டையான உலகம். நான்கு யானைகள் அதைத் தாங்குகின்றன. யானைகள் நிற்பது ஒரு பிரம்மாண்டமான ஆமையின் முதுகில். ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டே இருக்கிறது. திசை யானைகளையும் கூர்மத்தையும் கதைகளில் கேட்டவர்களுக்கு இது அரைப் பக்கத்தில் பழகிவிடும். தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: 41 புத்தகங்களும் சேர்ந்து ஒரே கதை கிடையாது. ஒரே உலகத்துக்குள் ஐந்தாறு கதைக் குடும்பங்கள் இருக்கின்றன. மந்திரவாதிகளுக்கு ஒரு வரிசை, சூனியக்காரிகளுக்கு ஒன்று, ஒரு பாத்திரமாகவே நடமாடும் மரணத்துக்கு ஒன்று, அங்க்-மோர்போர்க் என்ற நகரத்தின் காவல் படைக்கு ஒன்று. எதிலும் சேராமல் தனியாக நிற்கும் நாவல்களும் உண்டு. அதனால்தான் எங்கே ஆரம்பிப்பது என்று இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்கிறார்கள்.

முதல் நாவலான 'தி கலர் ஆஃப் மேஜிக்'கை எடுத்துக்கொள்வோம். எந்த மந்திரமும் கைவராத ரின்ஸ்விண்ட் என்ற மந்திரவாதி, ட்வோஃப்ளவர் என்ற சுற்றுலாப் பயணி, நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களோடு அவர் பின்னாலேயே ஓடிவரும் பெட்டி. அந்தப் பெட்டியை மறக்கவே முடியாது. ஆனால் புத்தகம் நான்கு துண்டுக் கதைகளாக நிற்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையின் வாள் வீரர், மந்திரவாதிக் கதைகளைக் கிண்டல் செய்வதுதான் அதன் வேலை. அந்தக் கதைகளைப் படிக்காதவனுக்குப் பாதி நகைச்சுவை எட்டாது, எனக்கு எட்டவில்லை. கடைசியில் நாயகன் உலகத்தின் விளிம்பிலிருந்து கீழே விழும்போது புத்தகம் முடிந்துவிடும். மூன்று வருடம் கழித்து வந்த 'தி லைட் ஃபண்டாஸ்டிக்'கைப் படித்தால்தான் என்ன ஆனது என்று தெரியும்.

அதைவிடப் பெரிய குறை, பின்னால் நாம் நேசிக்கப்போகிறவர்கள் இதில் வேறு ஆட்களாக இருப்பதுதான். இங்கே மரணம் இரக்கமில்லாதவர். ரின்ஸ்விண்டின் உயிரைப் பறிக்கக் காத்துக்கிடக்கிறார். நகரத்தை ஆள்பவரோ உட்கார்ந்து ஜெல்லி மீன் மிட்டாய் சாப்பிடுகிறார். பிற்பாடு வரும் புத்தகங்களில் நகரத்தை ஆளும் மெலிந்த, அமைதியான, எல்லாம் அறிந்த வெட்டினாரியை இவரிடம் எவ்வளவு தேடினாலும் காண முடியாது. ஆசிரியர் தன் உலகத்தைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த உலகத்தோடு பழகிய பிறகு திரும்பிப் போய்ப் படித்தேன், அப்போது மிகவும் பிடித்திருந்தது.

நிறையப் பேர் சொல்லும் இன்னொரு வாசல் 'மார்ட்' (1987). நான்காவது நாவல். மரணம் தனக்கு ஓர் எடுபிடிப் பையனைத் தேடி வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். பையன் தொழில் கற்கிறான். சாக வேண்டிய ஓர் இளவரசியைச் சாகவிடாமல் காப்பாற்றிவிடுகிறான். அங்கிருந்து சிக்கல் ஆரம்பிக்கிறது. இதற்கிடையில் மரணம் மனித வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிளம்பிப் போய், ஓர் உணவகத்தில் சமையல்காரராகிறார். அந்த வேலையில் அவருக்குக் கிடைக்கும் நிம்மதியைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. அவர் பேசுவதெல்லாம் பெரிய ஆங்கில எழுத்துகளில், மேற்கோள் குறி இல்லாமல் அச்சாகியிருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. இதை யாராவது மொழிபெயர்த்தால் அந்தக் குரலை எப்படிக் கொண்டுவருவார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். 'மார்ட்' சிறிய புத்தகம், கதை ஒரே கோட்டில் போகும். முடிவு மட்டும் கொஞ்சம் அவசரமாக வருவதாகப் பட்டது.

'ஸ்மால் காட்ஸ்' (1992) தனி நாவல். ஒரு பெரிய மதத்தின் கடவுள் பூமிக்கு இறங்கி வருகிறார். வந்து பார்த்தால் அவர் ஓர் ஆமை. கோயிலும் குருமாரும் விசாரணைக் கூடமும் இருக்கின்றன, உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருவன்தான் மிச்சம். தோட்டத்தில் களை பறிக்கும் புரூத்தா என்ற அந்தப் பையனுக்கு மட்டுமே கடவுளின் குரல் கேட்கிறது. டிஸ்க்வேர்ல்டில் ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால், தயங்காமல் இதைத்தான் கொடுப்பேன்.

ஆனால் ஒன்றோடு நிறுத்த நினைப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. 41 புத்தகம் உள்ள வரிசைக்குள் நுழைகிறவர் கேட்க வேண்டியது, முதல் புத்தகம் எவ்வளவு நல்ல புத்தகம் என்பதை அல்ல, அதை மூடியதும் கை தானாக எதை எடுக்கும் என்பதை. இந்த இடத்தில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. ஒரு நண்பருக்கு 'ஸ்மால் காட்ஸ்' கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு, புரூத்தா அடுத்து எந்தப் புத்தகத்தில் வருவான் என்று கேட்டார். வர மாட்டான் என்றேன். முகம் வாடிப்போனது. அதோடு அவர் நிறுத்திவிட்டார். 'மார்ட்' முடித்தவருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். மரணம் 1991இல் 'ரீப்பர் மேன்' நாவலில் திரும்பி வருகிறார், பையன் வருவதில்லை. 1994இல் 'சோல் மியூசிக்' வரும்போது கதை அடுத்த தலைமுறையான சூசனிடம் போய்விடுகிறது.

'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) இந்த ஒரு விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கிறது. புத்தகத்தின் சமர்ப்பணத்திலேயே ஆசிரியர் எண்ணம் தெரிந்துவிடும். சாகசக் கதைகளில் நாயகன் வாள் சுழற்றும்போது ஒவ்வொருவராக ஓடிவந்து வெட்டுப்பட்டுச் சாகிற பெயரில்லாத காவலர்கள் இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்குத்தான் இந்தப் புத்தகம். உங்களுக்கு இதில் சம்மதமா என்று அவர்களை யாருமே கேட்டதில்லை. ஆரம்பப் பக்கங்களில் இரவுக் காவல் படையின் தலைவர் சாம் வைம்ஸ், மழையில், நிறைபோதையில், சாக்கடையோரம் விழுந்து கிடக்கிறார். படையில் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அங்க்-மோர்போர்க் நகரத்தில் திருட்டு சட்டப்படியான தொழில். திருடர் சங்கம் திருடிவிட்டு ரசீது கொடுக்கும். காவலர்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

அங்கே கேரட் என்ற இளைஞன் வந்து சேர்கிறான். ஆறடிக்கு மேல் உயரம், வளர்த்தது குள்ளர்கள் என்பதால் தன்னைக் குள்ளனாகவே நினைப்பவன். பழைய சட்டப் புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்து, அதை அப்படியே நம்புகிறவன். வந்ததும் வராததுமாகத் திருடர் சங்கத்தின் தலைவரையே கைது செய்துவிடுகிறான், திருடினார் என்ற குற்றத்துக்காக! இதன் பிறகு டிராகன் வருகிறது, ஒரு ரகசியக் கும்பல் வருகிறது, நூலகராக ஓர் ஒராங்குட்டான் வருகிறது. அதையெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்து, உங்களுக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள் என்று நகரம் சொல்லும்போது இவர்கள் கேட்பது கொஞ்சம் சம்பள உயர்வு, ஒரு புது கெட்டில், ஒரு டார்ட் போர்டு. இவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர்கள் அடுத்து என்ன ஆவார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும்போல் இருந்தது.

தெரிந்துகொள்ளவும் முடிகிறது. காவல் படையை மையமாக வைத்து இதையும் சேர்த்து எட்டு நாவல்கள் இருக்கின்றன: 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993), 'ஃபீட் ஆஃப் க்ளே' (1996), 'ஜிங்கோ' (1997), 'தி ஃபிஃப்த் எலிஃபண்ட்' (1999), 'நைட் வாட்ச்' (2002), 'தட்!' (2005), 'ஸ்னஃப்' (2011) என்று போகும். எல்லாவற்றிலும் அதே வைம்ஸ், ஆனால் வயது ஏறிக்கொண்டே போகிறது, பதவியும் ஏறுகிறது. குடியை விடுகிறார், கணவராகிறார், அப்பா ஆகிறார். புகழ்பெற்ற அந்தப் பூட்ஸ் கணக்கு இரண்டாவது புத்தகத்தில் வருகிறது. வைம்ஸின் மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். அவரால் வாங்க முடிந்தது 10 டாலர் பூட்ஸ், அது ஓரிரு பருவத்திலேயே அடி தேய்ந்து ஓட்டையாகிவிடும். 50 டாலர் கொடுக்க முடிந்தவனுக்குப் பத்து வருடம் கால் நனையாது. முடியாதவன் அதே காலத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் நனைந்தபடியே இருக்கும். நகரத்திலேயே பெரிய பணக்காரியைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் சமயத்தில் அவர் போடும் கணக்கு இது. சாக்கடையோரம் கிடந்த ஆளை முதல் புத்தகத்தில் பார்த்திருந்தால்தான் இதன் வலி சரியாகப் புரியும். 'தட்!' நாவலில் நகரமே பற்றி எரியப்போகிற நேரத்திலும், மாலை ஆறு மணிக்கு மகனுக்குப் படக்கதை படித்துக்காட்ட வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கேயும் அப்படித்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரகசியக் கும்பல் கூடிப் பேசும் காட்சிகள் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' புத்தகத்தில் தேவைக்கு மேல் நீள்கின்றன. பெண் பாத்திரம் என்று சொன்னால் டிராகன் வளர்க்கும் லேடி சிபில் ஒருவர்தான். படைக்குள் ஓநாயாக மாறும் ஆங்குவாவும் கல் உடம்புக்காரனான டெட்ரிட்டஸும் வந்து அது பல இனத்தவரும் சேர்ந்த படையாவது அடுத்த புத்தகத்தில்தான். அத்தியாயப் பிரிவும் கிடையாது. இரவில் இந்த அத்தியாயத்தோடு நிறுத்தலாம் என்று நினைத்தால் நிறுத்த இடம் கிடைக்காது. பக்கத்துக்கு அடியில் அடிக்குறிப்புகள் வேறு வரும், நகைச்சுவையில் கணிசமான பங்கு அங்கேதான் இருக்கிறது. மின்னூலில் ஒவ்வொரு குறிப்பையும் தொட்டுத் தொட்டுப் போய்வர வேண்டியிருந்தது எனக்குச் சலிப்பாக இருந்தது. முடிந்தால் அச்சுப் புத்தகமாகப் படியுங்கள்.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூனியக்காரிகளின் கதையான 'வியர்ட் சிஸ்டர்ஸ்' (1988) ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தைத் தெரிந்தவர்களுக்கு விருந்து. தெரியாவிட்டால் பாதிச் சுவைதான். 'கோயிங் போஸ்டல்' (2004) பிற்கால நாவல், அத்தியாயங்கள் உண்டு, வேகமாகப் போகும். தூக்கில் ஏற்றப்பட்ட ஒரு மோசடிக்காரனைப் பிழைக்கவைத்து, பாழடைந்த தபால் துறையை நிமிர்த்தும் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். படிக்க எளிதானது எது என்று மட்டும் கேட்டால் இதுதான். ஆனால் அதற்குள் நகரம் முழுதாக வளர்ந்து முடிந்துவிடுகிறது, அது வளர்வதைப் பார்க்கும் வாய்ப்பு நம் கையைவிட்டுப் போய்விடும். இளையோருக்கான டிஃபனி வரிசையில் ஐந்தில் இரண்டுதான் படித்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் வாணலியைத் தூக்கிக்கொண்டு தேவதைகளின் ராணியை எதிர்க்கப் போகிறாள், அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் வரும் நீலநிறக் குட்டி மனிதர்கள் பேசும் ஸ்காட்லாந்து வட்டார ஆங்கிலத்தை வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடுகிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் சிறுவர்களுக்கு இது முதல் புத்தகமாக எப்படி இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

காவலர் கதையே பிடிக்காது என்கிறவர்கள் 'மார்ட்'டில் ஆரம்பிக்கட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!', உடனே 'மென் அட் ஆர்ம்ஸ்', பிறகு ஓர் இடைவெளியாக 'ஸ்மால் காட்ஸ்', அதன்பின் மீண்டும் காவல் படை. 'நைட் வாட்ச்' எல்லாவற்றிலும் சிறந்தது என்று கேள்விப்பட்டு அதை மட்டும் முதலில் எடுத்துவிடாதீர்கள். அதில் வைம்ஸ் தன் இளமைக்கால நகரத்துக்குள் தூக்கியெறியப்படுகிறார். தெருவில் ஓர் அழுக்குப் பையன் குறுக்கே வருகிறான், பெயர் நாபி. ஐந்து புத்தகமாக நாபியை வளர்ந்த காவலனாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பக் கை வராது.