நீக்கியாச்சு என்றது ஏஜென்ட், கோப்பு திறந்துகொண்டுதான் இருந்தது

‘பயனரின் அணுகலை நீக்கும்.’ சொன்ன வேலையைத் தானே செய்யும் எங்கள் ஏ.ஐ. ஏஜென்ட்டோடு வந்த ஒரு டூலின், அதாவது ஒரு வேலைக்காக அது கூப்பிடும் சின்ன நிரலின், விளக்கம் மொத்தமே இவ்வளவுதான். இந்த ஒரு வரி மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அடங்கவில்லை.

சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் எங்களுடையது. பார்ட்டிகளின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது), பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கின்றன. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் டிரெய்லர் வரிசையில் நிற்கும்போது, யாருக்கு எந்தக் கோப்பைத் திறந்துவிடுவது என்று ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் ஏஜென்ட். வேகத்தில் குறையே சொல்ல மாட்டேன். தமிழும் இங்கிலீஷும் கலந்து அடித்தாலும் புரிந்துகொள்கிறது.

ஒரு பார்ட்டியிடம் வேலை பார்த்தவர் விலகிவிட்டார். அவரை ஃபோல்டரிலிருந்து எடுக்கச் சொன்னோம். ‘நீக்கப்பட்டது, இனி அவரால் பார்க்க முடியாது’ என்று ஏஜென்ட் பதில் கொடுத்தது. நல்ல மனிதர், அவரே போன் செய்து, “சார், எனக்கு இன்னும் ஓப்பன் ஆகுதே” என்றார். இன்வாய்ஸில் இருப்பது சரக்கின் விலை. இன்னொரு இம்போர்ட்டர் கைக்கு அது போனால் மண்ணடி முழுக்க எங்கள் பெயர் கெட்டுவிடும்.

டூல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. டிரைவில் அனுமதி என்பது தனித்தனிப் பதிவுகள்: ஆளுக்கு, குழுவுக்கு, டொமைனுக்கு, லிங்க் வைத்திருக்கும் எவருக்கும். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே இருப்பதற்கெல்லாம் இறங்கும், நாளை அதில் போடப்போகும் கோப்புக்கும் சேர்த்து. டூல் அழித்தது அவர் பெயரில் இருந்த ஒரு பதிவை மட்டும். எப்போதோ ஓர் அவசரத்தில் திறந்த லிங்க் அப்படியே இருந்தது. ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் ஏ.ஐ. மாடலுக்குத் தெரிவதோ டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகள், திரும்பி வரும் பதில், அவ்வளவுதான். பின்னால் ஓடும் நிரல் அதன் கண்ணில் படாது. ‘அணுகலை நீக்கும்’ என்று எழுதிக் கொடுத்தால், அணுகல் போய்விட்டது என்றுதானே அது சொல்லும்?

செட்டிங்ஸில் விளக்கங்களைத் திருத்த இடம் இருந்தது. இப்படி மாற்றினேன்: ‘இந்த நபரின் நேரடி அனுமதிப் பதிவை மட்டும் அழிக்கும். குழு, லிங்க், மேல் ஃபோல்டர் மூலமாக அவருக்கு இன்னும் வழி இருக்கலாம். அழித்த பிறகு அனுமதிப் பட்டியலை எடுத்துப் பார். மிச்சம் இருந்தால் பயனரிடம் சொல். பார்க்காமல் இனி திறக்காது என்று சொல்லாதே.’

பகிரும் டூலுக்கும் எழுதினேன். வெறுமனே ‘அனுப்பிடு’ என்றால் பார்க்கும் உரிமை மட்டும். லிங்க் வைத்திருக்கும் எவருக்கும் என்பதைப் பயனர் வாய்விட்டுக் கேட்டால்தான் தர வேண்டும். ஆளுக்கோ குழுவுக்கோ பகிர்ந்தால், தடுக்காதவரை மெயில் தானாகப் போகும். பிறகு அனுமதியை எடுத்தாலும் போன மெயில் திரும்பாது.

அடுத்து ஒரு டிரான்ஸ்போர்ட்காரரை எடுக்கச் சொன்னபோது வந்த பதில்: ‘அவர் பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் இந்தக் கோப்பு லிங்க் மூலமாகத் திறந்திருக்கிறது, அதையும் மூடவா?’ மாடல் அதேதான், மாறியது நாலைந்து வாக்கியங்கள். பல வருடம் கூட வேலை பார்த்த சீனியர் கேட்கிற கேள்வி இது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. டூல்களை மாடலோடு இணைக்கும் எம்சிபி முறை 2024 நவம்பரில் வந்தது. 2025 மார்ச் பதிப்பில், ஒரு டூல் இருப்பதை அழிக்குமா, புதிதாகச் சேர்க்க மட்டும் செய்யுமா என்று குறிக்க வழி வைத்தார்கள். அது வெறும் குறிப்புதான், உத்தரவாதமில்லை. எங்களுக்கு வந்த டூல் தொகுப்பில் பகிரும் டூல் ‘அழிக்காது’ என்று குறிக்கப்பட்டிருந்தது. அதனால் ஏஜென்ட் கேட்காமலே பகிர்ந்துகொண்டிருந்தது. அனுமதி தருவது சேர்க்கும் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் விலையைப் பார்த்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க எந்த டூலும் இல்லை. இந்த டூலுக்குக் கட்டாயம் ஒரு ‘சரியா?’ வேண்டும்.

இந்த ஏஜென்ட்டின் ரேட்டைக் குறைத்திருக்கிறார்களாம். “அண்ணா, எங்க ஆபீஸுக்கும் போட்டுடலாமா?” என்று தண்டையார்பேட்டை நண்பர் கேட்கிறார். இவ்வளவு பாராட்டிய பிறகும் என் பதில் வேண்டாம் என்பதுதான். போன அப்டேட்டில் நான் எழுதிய விளக்கங்கள் எல்லாம் போய், பழைய ஒற்றை வரி திரும்பி வந்துவிட்டது. அறிவிப்புகூட இல்லை. அனுமதிகளைக் கையாளும் பொருளில் இதை என்னால் மன்னிக்க முடியாது.

நாங்கள் நிறுத்தப் போவதில்லை, அதுவும் உண்மைதான். இந்த வேலையை மறுபடி கையால் செய்ய ஆபீஸில் யாருக்கும் பொறுமை கிடையாது. விளக்கங்களைத் தனியாக ஒரு கோப்பில் சேமித்திருக்கிறேன். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அதிலிருந்து எடுத்து ஒட்டுகிறோம். மீறி வாங்குவதென்றால் நண்பர் கேட்கட்டும், அந்தக் கோப்பை அவருக்கும் தருகிறேன்.