பேச்சில்லாத பத்து நிமிடப் படங்கள்

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். பகல் முழுக்கக் கொலுசு வேலை. சாயங்காலம் ஆனால் பெரியவளுக்கு ஒன்று வேண்டும், சின்னவனுக்கு வேறொன்று வேண்டும், நடுவில் ரிமோட் படாதபாடு படும். அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு நாலு. போன வருடம் ஒரு குழந்தைகள் செயலிக்கு மூன்று மாதப் பணம் கட்டிப் பார்த்தேன். ஒன்று முடிவதற்குள் அடுத்தது ஓடும். அணைத்தால் அழுகை.

இப்போது நாங்கள் பார்ப்பது கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளம். 1939இல் அந்த நாட்டு அரசு தொடங்கிய அமைப்பு. பழைய அனிமேஷன் குறும்படங்கள் நிறைய இலவசமாகவே கிடைக்கின்றன. "கவர்மென்ட்டு பொம்மைப் படம் எடுக்குதா?" என்று மாமாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

முதலில் போட்டது 'எ சேரி டேல்' (A Chairy Tale), 1957இல் வந்தது. ஒருவர் புத்தகமும் கையுமாக உட்கார வருகிறார்; நாற்காலி இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது. பத்து நிமிடமும் அவ்வளவுதான் கதை. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. மாமா மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களைப் பார்த்து வளர்ந்தவர், வசனம் இல்லாத படமெல்லாம் ஒரு படமா என்று எழுந்து போகப் பார்த்தார். சிதார் சத்தம் கேட்டு நின்றுவிட்டார். பண்டிட் ரவிசங்கர் வாசித்தது, தபலா சதுர் லால். கடைசியில் நாற்காலி எதற்காக அடம்பிடித்தது என்று தெரியும் இடத்தில் சின்னவன் கைதட்டினான். அதை இங்கே சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் வீட்டை மயக்கியது 'பீட் கேம்'. குஜராத்தில் பிறந்த இஷு படேல் 1977இல் எடுத்தது, ஐந்தரை நிமிடம். கறுப்புத் தரையில் வண்ண முத்துகள். அவை சேர்ந்து ஒரு பிராணி ஆகும், அதை இன்னொன்று விழுங்கும், விழுங்கியது வேறு உருவம் எடுக்கும். அத்தை கொலுசுக்குச் சலங்கை மாட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தவர், தட்டைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாம் கம்ப்யூட்டரா?" இல்லை அத்தை, முத்துகளைக் கையால் நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தது, சினிமாவில் ஒரு நொடிக்கே 24 படம் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு கை சலங்கை சிந்தினா பொறுக்கவே எனக்கு அரை மணி ஆகுது. இந்த மனுஷன் தும்மாம எப்படி இருந்தான்?"

அதோடு இன்னொரு முறை போடச் சொன்னார்.

பெரியவளுக்குப் பிடித்தது 'ரித்மெட்டிக்', 1956. காகிதத்தில் வெட்டிய எண்கள் கணக்குப் போட வரிசையில் நிற்க வேண்டும், நிற்காமல் ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். வாய்ப்பாடு என்றாலே வயிற்றுவலி வரும் பிள்ளை, எண்களுக்கு முன்னால் தானே கூட்டிச் சொல்லப் பார்த்தாள். இதனால் கணக்கில் மார்க் ஏறும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அதே வாரியத்தின் 'நெய்பர்ஸ்', 1952. ஆஸ்கர் வாங்கிய படமாச்சே என்று முன்கூட்டிப் பார்க்காமலே போட்டேன். ஒரு பூவுக்காக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை. ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. போகப் போக அடி முற்றி மனைவி, கைக்குழந்தை வரை போகிறது. சின்னவன் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நல்ல படம்தான், ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதாவது ஆகட்டும். அனிமேஷன் என்று போட்டிருப்பதெல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்ததில்லை. இப்போது சனிக்கிழமை இரவு நான் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் ஞாயிறு போடுகிறேன்.

தளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கிறது. அத்தையால் தானாகத் தேடி எடுக்க முடியாது, அதனால் படப் பெயர்களைக் காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பேச்சில்லாத படங்களாகப் பொறுக்கி எடுப்பதால் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை மிச்சம். ஞாயிறு ஆறு மணிக்கு இரண்டு படம், ஆளுக்கு ஒரு தட்டுவடை செட். படம் முடிந்தால் திரை சும்மா கிடக்கிறது, அழுகை இல்லை. போன வாரம் இரண்டாவது படம் எது என்று சண்டை வந்தது. பிள்ளைகளுக்குள் இல்லை, மாமாவுக்கும் அத்தைக்கும்.