மும்பை ஸ்பெஷல் சீக்கோவுக்கு 4,800 ரூபாய் அழுத கதை

பழைய சீக்கோ 5 வாட்ச் ஒன்று வாங்கும் ஆசையில் யாராவது இருந்தால், யூபிஐ பின் நம்பரை அழுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அழுத்திய பிறகுதான் படிக்கவே ஆரம்பித்தேன்.

என் பெரியப்பா கையில் ஒரு சீக்கோ 5 இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்தது. வெளிநாட்டு வாட்ச்சுக்கு அவ்வளவு கெடுபிடி இருந்த காலம். ஒன்று யாராவது கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். சாவி கொடுக்காமலே ஓடுகிறதே என்று தெருப்பிள்ளைகள் நாங்கள் அவர் கையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்போம். அது எப்போதோ தொலைந்துபோனது. அதே மாதிரி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

ஆரஞ்சு டயல், கறுப்பு ஓரம், கண்ணாடி மாதிரி பளபளக்கும் கேஸ். "1960 மாடல், ஒரிஜினல் டயல், ஃபுல் சர்வீஸ், யூஸ் பண்ணாத பீஸ்." விலை 5,500. பேசி 4,800க்கு முடித்தேன். என்னிடம் 7எஸ்26 மெஷின் போட்ட புது சீக்கோ ஒன்று இருக்கிறது, நாலு விஷயம் தெரியும் என்ற தெனாவட்டும் கூடவே இருந்தது. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

பார்சல் வந்தது. வாட்ச் ஓடவில்லை. விற்றவருக்குப் போன் போட்டேன். "சாவி கொடுங்க ப்ரோ, ஓடும்" என்றார். பின்மூடியில் மெஷின் எண் 7009 என்று எழுதியிருக்கிறது. 7009 மெஷினுக்குச் சாவியைத் திருகி முறுக்கேற்ற முடியாது, கையை ஆட்டினால்தான் ஏறும். விற்கிறவருக்கே இது தெரியவில்லை என்பதை அப்போது சிரித்துக்கொண்டே கடந்துபோனேன். ஆட்டினேன், ஓடியது. சந்தோஷமாகக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கை கழுவியதும் கண்ணாடிக்கு உள்ளே பனி மூட்டம்.

திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்தில் வயதான வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கண்ணில் லென்ஸைச் செருகி, பின்மூடியைத் திறக்காமலே டயலை ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது மும்பை ஸ்பெஷல். டயலுக்கு மும்பைல பெயின்ட் அடிச்சது" என்றார்.

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு நேராகத் தெரிந்த எழுத்து, லென்ஸில் சுவரொட்டி மை மாதிரி ஓரம் கசிந்திருந்தது. தேதி ஜன்னலின் விளிம்பில் ஆரஞ்சு பெயின்ட் வழிந்து காய்ந்து ஒரு சிறு திட்டாக நின்றது. டயலில் "21 ஜுவல்ஸ்", அதாவது மெஷினுக்குள் இருக்கும் சின்னக் கற்களின் எண்ணிக்கை. 7009இல் இருப்பது 17. டயலின் கீழ் ஓரத்தில் மணல் பொடி அளவு எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதில் 6119 என்று இருந்தது. அது வேறு மெஷின். அதாவது 6119க்கான எழுத்தைப் பார்த்து அச்சடித்த டயலை 7009 தலையில் கட்டியிருக்கிறார்கள்.

திறந்தார். டயலின் அடியில் இரண்டு சின்னக் கால்கள் இருக்க வேண்டும், அவைதான் மெஷினோடு அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டும் ஒடிந்து, பதிலுக்கு மஞ்சள் பசை. பின்மூடியில் ரப்பர் வாஷரே இல்லை. உள்ளே பனி பிடித்த மர்மம் அவ்வளவுதான். ஃபுல் சர்வீஸ் என்றது, பழைய பிசுக்கின் மேலேயே ஊற்றிய எண்ணெய். முட்களில் இருந்த பச்சைப் பூச்சு இருட்டில் ஜோராக எரிந்ததை நான் பெருமையாக வீட்டில் காட்டியிருந்தேன். நாற்பது வருஷப் பழைய பூச்சு அப்படி எரியாது என்று பாய் சொன்னபோது, பக்கத்தில் செல்போன் கவர் வாங்க நின்றவர்கூடச் சிரித்தார்.

அப்புறம் வருஷம். சீக்கோ பின்மூடியில் உள்ள சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற எழுத்துகள் வரும். என்னுடையது 49 என்று ஆரம்பிக்கிறது. 4இல் முடியும் ஒரு வருஷத்தின் செப்டம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பாய் கணக்கில் இது 1984. எப்படிப் பார்த்தாலும் 1960 கிடையாது, 60களில் 7009 என்ற மெஷினே இல்லை. விளம்பரப் படத்திலேயே பின்மூடி தெளிவாகத்தான் இருந்தது. நான் ஆரஞ்சு டயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டயலுக்குப் பெயின்ட் அடிப்பது குற்றம் இல்லை. அழுகிப்போன டயலைத் திருப்பி எழுதி, ஓடுகிற நிலையில் வைத்திருப்பது ஒரு கைத்தொழில். "ரீடயல்" என்று சொல்லி 1,200 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் பிடித்த நிறம் என்று நானே வாங்கியிருப்பேன். ஒரிஜினல் என்ற ஒரு சொல்லுக்குத்தான் மிச்சம் 3,600.

இனி யாரிடம் வாங்கினாலும் நான் கேட்கப்போவது மூன்று படம். டயலின் அடி ஓரத்தை நெருக்கமாக எடுத்தது, பின்மூடி, மூடியைத் திறந்து மெஷினை எடுத்தது. டயல் எண்ணின் முதல் நான்கு இலக்கமும், மூடியில் உள்ள நான்கும், மெஷினில் பொறித்திருப்பதும் ஒத்துப்போக வேண்டும். "திறந்தா சீல் போயிடும்" என்பார்கள். நாற்பது வருஷ வாட்ச்சில் என்ன சீல்? என்னுடையதில் வாஷரே இல்லை. கேஸின் விளிம்புகளையும் பாருங்கள்; சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தால் பஃபிங் மெஷினில் தேய்த்திருக்கிறார்கள். கொஞ்சம் கறை, கொஞ்சம் கீறல், மங்கிய வெள்ளி டயல் என்று வருகிற பீஸ்தான் பெரும்பாலும் நேர்மையானது, படத்தில் அது அழகாக இருக்காது. பணத்தை நேராக யூபிஐயில் அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள் "செக் பண்றேன் ப்ரோ". இரண்டாம் நாள் "விண்டேஜ்னா அப்படித்தான் இருக்கும்". நான் லென்ஸ் வைத்து எடுத்த படத்தை அனுப்பியதும் ப்ரோ சார் ஆனது. "சார், எங்களுக்கு வந்த மாதிரியே உங்களுக்கு அனுப்பினோம்." விளம்பரத்தைத் திறந்து பார்த்தால் "ஒரிஜினல் டயல்" என்ற வரி காணாமல் போயிருந்தது. முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கலாம், யாருக்குத் தோன்றியது?

பாய் புது வாஷர் போட்டு, மெஷினைக் கழுவி எண்ணெய் விட்டு 700 வாங்கினார். இப்போது ஒரு நாளைக்கு அரை நிமிஷம் வேகமாக ஓடுகிறது. "மெஷின் தங்கம் தம்பி, சட்டைதான் மாறிப்போச்சு" என்றார்.

கடைசியாகப் போன வாரம் விற்றவரிடமிருந்து மெசேஜ். பணம் தர முடியாதாம், பதிலுக்கு ஒரு எச்எம்டி பைலட் அனுப்புகிறாராம். "பக்கா ஒரிஜினல் சார், மிலிட்டரி பீஸ்." கூடவே படம். ரோஸ் கலர் டயல்.