மங்குக்கு மருந்து பூசிய ஆண்டுகள்: ஒரு பயன்பாட்டு அனுபவப் பகிர்வு

கன்ன மேடுகளிலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் படரும் பழுப்புத் திட்டுகளை நாம் மங்கு என்கிறோம். தோல் மருத்துவர்கள் மெலாஸ்மா என்பார்கள். எனக்கு அது கர்ப்ப காலத்தில் வந்து, குழந்தை பிறந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டது. சில ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் கிரீம்களும் மாத்திரையும் சன்ஸ்கிரீனும் என்ன செய்தன என்பதைக் காரணங்களோடு எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: திட்டுகளை வெளுக்க வைத்தவை மருந்துகள், வெளுத்ததை நிலைக்க வைத்தது நிறம் கலந்த சன்ஸ்கிரீன்.

முகத்தில் காணும் கருமை எல்லாம் ஒன்றல்ல என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் அது எந்தக் கருமை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பருவோ காயமோ ஆறிய இடத்தில் தங்கும் கருமை, மீண்டும் அங்கே அழற்சி ஏற்படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகவே மங்கிவிடும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுப் போலத் தடித்துக் கறுத்தால், அது பெரும்பாலும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காததன் அடையாளம். அங்கே கிரீம் பூசுவதைவிட இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பது பயன்தரும். ஒற்றைப் புள்ளி ஒன்று வடிவமோ நிறமோ மாறிக்கொண்டே போனால், அதை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மங்கு இவற்றிலிருந்து வேறுபட்டது. ஹார்மோன், வெளிச்சம், பரம்பரை மூன்றும் சேர்ந்து அதைத் தூண்டுகின்றன; கருத்தடை மாத்திரையாலும் அது வருவதுண்டு.

தோலின் மேலடுக்கின் அடித்தளத்தில் இருக்கும் மெலனோசைட் என்னும் செல்கள் மெலனின் நிறமியை உருவாக்கி, சுற்றியுள்ள செல்களுக்குக் கடத்துகின்றன. சிவந்த தோலிலும் கறுத்த தோலிலும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான்; அவை எவ்வளவு நிறமியை, எந்த வகையில் உற்பத்தி செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. மங்கு வந்த இடத்தில் அவை சிறு தூண்டலுக்கும் மிகையாக வேலை செய்கின்றன. மருந்துகளில் பல, உற்பத்திக்குத் தேவையான டைரோசினேஸ் என்னும் நொதியைத் தடுப்பவை. ஏற்கெனவே மேலேறிவிட்ட நிறமி உதிர்வதற்கு மேலடுக்கு புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு இளவயதிலேயே ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், வயது கூடக்கூட இன்னும் நீளும். ஆகவே எந்த கிரீமையும் 8 முதல் 12 வாரமாவது பயன்படுத்தாமல் மதிப்பிட முடியாது. ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில் மாதம் ஒரு முறை எடுத்த புகைப்படங்களை நம்பியே நான் மதிப்பிட்டேன், ஏனெனில் தினமும் பார்க்கும் கண்ணாடி மெதுவான மாற்றத்தைக் காட்டாது.

முதலில் மருத்துவர் தந்தது அசெலாயிக் அமிலம் 20 சதவீத கிரீம். பூசிய சில நிமிடங்களுக்கு ஊசி குத்துவது போன்ற அரிப்பு இருந்தது. சில வாரங்களில் அது அடங்கிவிட்டது. பாலூட்டிக்கொண்டிருந்த காலத்தில் மருத்துவர் தயக்கமின்றி எழுதித்தந்தது இதை மட்டுமே. பலன் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது: திட்டுகளின் விளிம்பு கரையத் தொடங்கியது, நடுப்பகுதி அப்படியே இருந்தது.

பாலூட்டல் முடிந்த பிறகு மூன்று மருந்துகள் சேர்ந்த கிரீமுக்கு மாறினேன். ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், டிரெட்டினாயின் 0.05 சதவீதம், ஃபுளூசினோலோன் என்னும் ஸ்டீராய்டு 0.01 சதவீதம் என்பது அதன் அளவு. 1975இல் கிளிக்மன், வில்லிஸ் என்னும் இரு மருத்துவர்கள் வெளியிட்ட கலவையின் வழிவந்தது இது. முதல் மருந்து நிறமி உற்பத்தியைத் தடுக்கிறது, இரண்டாவது செல்கள் புதுப்பிக்கப்படுவதை விரைவுபடுத்துகிறது, மூன்றாவது மற்ற இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்குகிறது. நான் பயன்படுத்தியவற்றுள் கண்ணுக்குத் தெரியும்படி விரைவாக வேலை செய்தது இதுவே. தோல் உரிந்து சிவந்த தொடக்க வாரங்களைக் கடந்ததும் நடுப்பகுதியும் வெளுத்தது. ஆனால் இது முகத்தில் ஆண்டுக்கணக்கில் பூசும் பொருள் அல்ல. ஸ்டீராய்டு தொடர்ந்து படும் தோல் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும், பருக்கள் கிளம்பும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். ஹைட்ரோகுவினோனை நெடுங்காலம் பூசினால் போக்கவே கடினமான நீலக்கருமை படியக்கூடும். டிரெட்டினாயின் கர்ப்ப காலத்தில் தவிர்க்கப்பட வேண்டியது. என் மருத்துவர் கால எல்லை குறித்தே எழுதித்தந்தார், முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். இதே கலவையைச் சீட்டில்லாமல் வாங்கி அழகு கிரீமாகப் பூசிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கவலையளிக்கிறது. அதைவிட மோசமானவை உட்பொருள் குறிப்பிடாமல் விற்கப்படும் வெளுப்பு கிரீம்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது தோல் வழியே உடலில் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வைட்டமின் சி சீரமும் நியாசினமைடும் முகத்துக்குப் பொதுவாக ஒரு தெளிவு தந்தன. திட்டுகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. லேசர் செய்துகொள்ளவில்லை. அதன் வெப்பமே மெலனோசைட்டுகளைத் தூண்டி மங்கை முன்பைவிடக் கறுக்க வைக்கக்கூடும் என்பதும், கறுத்த தோலில் அந்த வாய்ப்பு அதிகம் என்பதும் காரணம்.

டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைச் சில மாதங்கள் எடுத்துக்கொண்டேன், 250 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்து இது. மங்குக்குக் குறைந்த அளவில் தரப்படுகிறது. குடும்பத்தில் யாருக்கேனும் இரத்தம் உறைந்து அடைப்பு வந்ததுண்டா, கருத்தடை மாத்திரை உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்றெல்லாம் விசாரித்த பின்பே மருத்துவர் எழுதினார். விசாரிக்காமல் எழுதுபவரிடம் வாங்க வேண்டாம். பலன் நன்றாக இருந்தது, நிறுத்திய பின் ஓரளவு திரும்பியது.

இனி சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் என்னும் எண் பெரும்பாலும், தோலைச் சிவக்கச் செய்யும் யுவிபி என்னும் புற ஊதாக் கதிரிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பையே அளக்கிறது. யுவிஏ என்னும் மற்றொரு புற ஊதாக் கதிர் சன்னல் கண்ணாடி வழியாகவும் வரும் என்பதால் வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு ஆகாது. இவற்றுக்கும் மேலாக, கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் நீலப் பகுதி, கறுத்த தோலில் நீடித்த நிறமியைத் தூண்டுகிறது. சாதாரண சன்ஸ்கிரீன்கள் இந்த ஒளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்ந்து, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன்கள் தடுக்கின்றன. நிறமில்லாத எஸ்பிஎஃப் 50 பூசிய காலத்தில் ஒவ்வொரு வெயில் பருவத்திலும் திட்டுகள் பழைய கருமைக்குத் திரும்பின. அதே எஸ்பிஎஃப் அளவில் நிறம் கலந்ததற்கு மாறிய பிறகு அப்படி முழுமையாகத் திரும்பவில்லை.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. சோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்பிஎஃப் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஏறத்தாழ இரண்டு விரல்களின் முழு நீளத்துக்குப் பிழிந்த அளவு வரும். வெளியில் இருந்தால் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். நிறம் கலந்தவற்றின் குறை, எல்லாத் தோலுக்கும் பொருந்தும் சாயல் கிடைப்பதில்லை என்பது. பல தயாரிப்புகள் ஒரே வெளிர் சாயலில் வருகின்றன, சட்டைக் கழுத்திலும் ஒட்டுகின்றன. சாயல் பொருந்தாதபோது, சாதாரண சன்ஸ்கிரீன் உலர்ந்த பின் இரும்பு ஆக்சைடு உள்ள ஃபவுண்டேஷனை மேலே பூசிக்கொள்கிறேன்.

இப்போது இரவில் அசெலாயிக் அமிலமும் பகலில் நிறம் கலந்த சன்ஸ்கிரீனும் மட்டுமே பூசுகிறேன். கன்னத்தில் இருந்தவை உற்றுப் பார்த்தால்தான் தெரிகின்றன. மேலுதட்டின் மேல் உள்ளது, வியர்வையைத் துடைக்கும்போது சன்ஸ்கிரீனும் போய்விடுவதாலோ என்னவோ, வெயில் கூடும் மாதங்களில் இன்னமும் கறுக்கிறது. அந்த மாதங்களில் மூன்று மருந்துக் கலவையைக் குறுகிய காலத்துக்கு மீண்டும் தொடங்குவதா என்பதை ஒவ்வொரு முறையும் மருத்துவர் தோலைப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்.