கோப்ரா 29 ரேடியோ, லிட்டில் வில் ஆன்டெனா: 1996 எஃப்-150 பிக்கப்பில் பொருத்திய அனுபவம்

டெக்சஸ் மிட்லண்டில் எண்ணெய் வயல் வேலை எனக்கு. ஐ-20 பிடித்து பெக்கோஸ் போய், அங்கிருந்து 285-ஆம் சாலையில் வடக்கே கார்ல்ஸ்பாட் பக்கம் போவது வழக்கம். மணல் லாரியும் தண்ணீர் லாரியும் விடாமல் ஓடும் அந்தச் சாலைக்கு ‘மரண நெடுஞ்சாலை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. போன் சிக்னல் பாதி இடத்தில் வராது. மேப்பில் சிவப்புக் கோடு தெரிவதற்குள் நெரிசலுக்குள் மாட்டியிருப்போம். லாரிக்காரர்களோ சிபி ரேடியோவில் (வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் குறுந்தூர இருவழி வானொலி) 19-ஆம் சேனலில் அதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். என் பழைய ஃபோர்டு எஃப்-150-இல் சிபி ரேடியோ வந்த காரணம் அவ்வளவுதான். லைசென்ஸ் எதுவும் தேவையில்லை.

வாங்கியது கோப்ரா 29 எல்டிடி கிளாசிக்கும், வில்சன் லிட்டில் வில் காந்த ஆன்டெனாவும். இரண்டும் சேர்த்து 200 டாலருக்குள் முடிந்தது. வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: ரேடியோவுக்காக ரொம்ப யோசிக்காதீர்கள். ஏஎம் முறையில் பேச சட்டம் அனுமதிக்கும் சக்தி 4 வாட். விலை உயர்ந்த பெட்டியும் அதே 4 வாட்தான், அடிமட்ட விலைப் பெட்டியும் அதே 4 வாட்தான். குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது ஆன்டெனாவின் கையில் இருக்கிறது.

இருந்தாலும் 29-ஐ எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (எண் குறைந்தால் நல்லது) உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். ஆர்எஃப் கெயின் (சிக்னலைப் பிடிக்கும் திறன்), மைக் கெயின் (நம் குரலின் அளவு) எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகுகள். கையுறை போட்டுக்கொண்டே திருகலாம், மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை. ஆனால் பெட்டி பெரியது. 7 அங்குல அகலம், கிட்டத்தட்ட 9 அங்குல ஆழம். டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டால் பெஞ்ச் சீட்டின் நடுவில் உட்காருபவர் முட்டியில் இடிக்கும். என் மனைவி அந்த இடத்தை நிரந்தரமாகக் காலி செய்துவிட்டாள். இந்த மாடலில் வானிலை சேனலும் கிடையாது. ஆலங்கட்டி மழை கொட்டும் ஊரில் அது ஒரு குறைதான், அது வேண்டுமென்றால் வேறு மாடல் பாருங்கள்.

சரி, ஆன்டெனா. சிபி அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால்பங்கு என்று கணக்குப் போட்டால் 9 அடிக் கம்பி வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெட்ரோல் பங்குக்குள் போவது? லிட்டில் வில் 3 அடிதான், மீதியை அடியில் இருக்கும் கம்பிச்சுருள் ஈடுகட்டுகிறது. அதனால் கொஞ்சம் தூரம் குறையும், அது தெரிந்தே எடுத்த முடிவு. 9 அடிக் கம்பி வைத்திருக்கும் ஆட்களோடு போட்டி போட முடியாது. என் தேவைக்குச் சில மைல் போனால் போதும், சமவெளி என்பதால் அது போகிறது.

பழைய வண்டி வைத்திருப்பதன் லாபம் இங்கேதான் தெரிந்தது. கூரை நல்ல இரும்புத் தகடு, நடுவில் வைத்ததும் காந்தம் பட்டென்று பிடித்துக்கொண்டது. நண்பர் ஒருவரிடம் 2018 எஃப்-150 இருக்கிறது. 2015-லிருந்து அதன் பாடி அலுமினியம், காந்தம் வழுக்கிக்கொண்டு போகும். கூரையின் நடுப்பகுதிதான் சிறந்த இடம், சுற்றியுள்ள தகடு மொத்தமும் ஆன்டெனாவுக்குத் துணை நிற்கும். பின்னால் சரக்குத் தொட்டியின் ஓரத்தில் பிராக்கெட் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிக்கப்பில் கேபினும் தொட்டியும் தனித்தனி. துருப்பிடித்த போல்ட்டை நம்பாமல் பின்னல் எர்த் பட்டை போட்டு தொட்டியை சேஸியோடு இணைக்காவிட்டால் மீட்டர் முள் எங்கோ போய் நிற்கும்.

பவருக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டாம். இரண்டு வயரையும் ஃபியூஸோடு நேராக பேட்டரிக்குக் கொண்டுபோனேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் (ஃபயர்வால்) பழைய ரப்பர் குரோமெட் (ஓட்டை வளையம்) ஒன்று இருந்தது, அதன் வழியே விட்டேன். ஆன்டெனா கேபிள் கதவு ரப்பருக்கு அடியில் வருகிறது. உள்ளே நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விடுங்கள். மழைத் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், வண்டிக்குள் வராது.

அப்புறம் டியூனிங். 1, 20, 40 மூன்று சேனலிலும் எஸ்.டபிள்யூ.ஆர். பார்க்க வேண்டும். 40-இல் அதிகமாக இருந்தால் கம்பி நீளம் கூடுதல், 1-இல் அதிகமாக இருந்தால் நீளம் போதவில்லை. ஆலன் சாவியால் திருகைத் தளர்த்தி கம்பியைக் கொஞ்சம் இறக்கினேன். இப்போது மூன்றிலும் 1.5-க்குள் இருக்கிறது. 3-ஐத் தாண்டினால் மைக்கை அழுத்தவே கூடாது, ரேடியோவின் டிரான்சிஸ்டர் போய்விடும்.

பெரிய தலைவலி இரைச்சல்தான், அதற்கு ரேடியோவைக் குறை சொல்லக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும் விசில் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. டிக் டிக் என்று வந்தால் இக்னிஷன். என் வண்டியில் இரண்டும் இருந்தன. ஸ்பார்க் பிளக் வயர்களை மாற்றி, பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் எர்த் பட்டை போட்டதும் டிக் டிக் ஏறக்குறைய நின்றது. விசில் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. பெட்டியில் இருக்கும், இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கர் சுவிட்சைப் போட்டால் பொறுத்துக்கொள்ளலாம்.

19-ஆம் சேனல் பாதி நேரம் அமைதியாகத்தான் கிடக்கும். மீதி நேரத்தில் கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும், குழந்தைகள் வண்டியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். நடுப்பகலில் வானத்தில் எதிரொலித்து வேறு மாநிலத்துக் குரல்கள் வந்து குழப்புவதும் உண்டு, வலுவில்லாத சிக்னலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை ஏற்றிவிட்டால் தொல்லை குறையும். ஆனால் ஆர்லாவுக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்த அன்று, மேப் வாய் திறப்பதற்கு முன்பே இரண்டு பேர் கூப்பிட்டுச் சொன்னார்கள், நான் பெக்கோஸிலேயே நின்றுவிட்டேன்.

ரேடியோவுக்கு ஐந்தில் நான்கு, ஆன்டெனாவுக்கு நாலரை. அரை குறைந்தது வீட்டு கேரேஜால்: கதவு உயரம் 7 அடி, ஒவ்வொரு முறையும் இறங்கி ஆன்டெனாவைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது காந்தத்தை இழுக்காமல் தூக்குங்கள், அடியில் மணல் இருந்தால் பெயின்ட்டைக் கீறிவிடும். எங்கள் ஊரில் மணல் இல்லாத நாள் கிடையாது.