ஏழு கெஜம், இரண்டு நொடி: கைத்துப்பாக்கிப் பயிற்சியில் எந்த வழி எதைத் தரும்?

டெக்சஸில் கைத்துப்பாக்கி உரிமம் வாங்க ஒரு சுடும் தேர்வு உண்டு. மொத்தம் 50 தோட்டா. 3 கெஜத்தில் இருந்து 20, 7 கெஜத்தில் இருந்து 20, 15 கெஜத்தில் இருந்து 10. 250க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. நான் சிரமமே இல்லாமல் தேறினேன். ஆபத்து என்று வந்தால் வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்றிவிடலாம் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

சில மாதம் கழித்து, திறந்தவெளி ரேஞ்ச் (சுடும் பயிற்சித் திடல்) ஒன்றில் நண்பர் ஒருவர் என் காதருகே டைமரைப் பிடித்தார். சத்தம் எழுப்பி, அதிலிருந்து ஒவ்வொரு குண்டும் வெடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பதிவுசெய்யும் கருவி அது. ‘பீப்’ சத்தம் கேட்டதும் சட்டையை விலக்கி, இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, 7 கெஜத்தில் நிற்கும் இலக்கு அட்டையில் ஒரே ஒரு குண்டு போட வேண்டும். எனக்கு மூன்றரை நொடி ஆனது. குண்டு அட்டையின் தோள்பட்டையில் பட்டிருந்தது. உரிமத் தேர்வில் உறையிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. அந்தத் தேர்வு தொடாத இடத்தில்தான் என் ஓட்டை இருந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தகுதியுள்ள, 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். அதனால் அந்தத் தேர்வைக்கூட எழுதாதவர்கள் இப்போது நிறைய.

7 கெஜம் என்பது 21 அடி. சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர், கத்தியோடு ஓடிவரும் ஆள் இந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஆட்களை ஓடவிட்டே அளந்து பார்த்து 1983இல் எழுதினார். சுமார் ஒன்றரை நொடி. அதைச் சட்டம் போல ‘21 அடி விதி’ என்று சொல்வது தவறு. அதற்குள் வந்தவரைச் சுடலாம் என்று அவர் எழுதவில்லை. எவ்வளவு சீக்கிரம் ஆபத்து நெருங்கும் என்பதைத்தான் காட்டினார். ஆனாலும் அந்த ஒன்றரை நொடியையும் என் மூன்றரை நொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பின் சில வருடங்களில் நான்கு வழிகளை முயன்று பார்த்தேன்: ரேஞ்சில் நிதானமாகக் குறி பார்த்துச் சுடுவது, டைமர் வைத்துச் சுடுவது, வீட்டில் தோட்டா இல்லாமல் பயிற்சி செய்வது, போட்டிகளுக்குப் போவது. எது உசத்தி என்று ரேஞ்சில் தினமும் சண்டை நடக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகம் வீட்டில் கிடைக்கிறது, அந்த வேகம் நிஜமா என்பது ரேஞ்சில் தெரிகிறது, பதற்றத்தில் அது நிற்குமா என்பது போட்டியில் தெரிகிறது. நேரமும் பணமும் குறைவாக உள்ளவர் இந்த வரிசையில்தான் செலவழிக்க வேண்டும்.

குறியா வேகமா என்ற சண்டை பழசு. 1950களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பக்கம் ஜெஃப் கூப்பர் என்ற துப்பாக்கிப் பயிற்சியாளர் போட்டிகள் நடத்தினார். இடுப்புயரத்தில் இருந்தே படபடவென்று சுடுவதுதான் வேகம் என்று பலரும் நினைத்திருந்த காலம். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர், ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்து, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, குறிமுனையைப் பார்த்துச் சுட்டார். 1959இல் அவர்தான் ஜெயித்தார். துப்பாக்கியைக் கண்வரை தூக்குவதில் கொஞ்சம் நேரம் போகிறது. ஆனால் முதல் குண்டே பட்டுவிடுவதால் மொத்தத்தில் நேரம் மிச்சம். கூப்பர் முன்னின்று 1976இல் தொடங்கிய சர்வதேசச் செயல்முறைத் துப்பாக்கிச் சங்கத்தின் லத்தீன் வாசகத்திலும் துல்லியம், வலு, வேகம் என்ற மூன்றும் சேர்ந்தே நிற்கின்றன.

நிதானமாகச் சுடுவது

மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான். அந்த அளவு நிதானத்தில் மட்டுமே கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் ஒன்று உண்டு: துப்பாக்கியை அசைக்காமல் ட்ரிகரை அழுத்துவது. அது கைக்கு வராதவருக்கு வேகத்தைக் கொடுத்தால், வேகமாகத் தவறவிடத்தான் கற்றுக்கொள்வார்.

இதற்கு நான் பயன்படுத்துவது ‘டாட் டார்ச்சர்’ என்ற பயிற்சித் தாள். பத்துப் பொட்டுகள், ஒவ்வொன்றும் 2 அங்குலம், மொத்தம் 50 தோட்டா, 3 கெஜம், நேர வரம்பு கிடையாது. 3 கெஜம்தானே என்று நினைப்போம். ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால் மட்டும் சுடும் பொட்டு வரும்போது தெரியும்.

ஆனால் இந்த வழியோடு நின்றுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. உள்ளரங்க ரேஞ்ச்களில் பலவற்றில் உறையிலிருந்து எடுக்க அனுமதி இல்லை. நொடிக்கு ஒரு குண்டுக்கு மேல் சுடவும் விடமாட்டார்கள். பாதுகாப்புக்காக வைத்த விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே வருடக்கணக்கில் சுடுபவர், தற்காப்பில் மிக அதிக நேரத்தை விழுங்கும் பகுதியை ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்க மாட்டார்.

டைமரோடு சுடுவது

டைமர் பொய் சொல்லாது. இதில் எல்லோரும் தொடங்குவது பில் வில்சன் உருவாக்கிய ‘பில் ட்ரில்’: 7 கெஜம், உறையிலிருந்து எடுத்து ஆறு குண்டு, ஆறும் நடுக்கட்டத்தில். முதல் குண்டு எப்போது, குண்டுக்கும் குண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று டைமர் தனித்தனியாகக் காட்டும். என் எண்களைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. குண்டுகளுக்கு நடுவே விரல் எடுத்த நேரம் ஒவ்வொன்றும் கால் நொடியை ஒட்டித்தான். சட்டை விலக்குவது, பிடி, தூக்குவது, குறியைக் கண் பிடிப்பது என்று முதல் குண்டுக்கு முன்னால்தான் நொடிகள் கரைந்தன. வேகம் என்றாலே விரல் வேகம் என்று நினைத்து ட்ரிகரை இன்னும் விரட்டுபவர்கள், பிரச்சினை இல்லாத இடத்தில் உழைக்கிறார்கள்.

பின்னுதையை (சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதை) சமாளிக்கக் கற்றுத்தர நிஜத் தோட்டாவை விட்டால் வேறு வழி இல்லை. வெடிக்கும் முன்பே உடம்பு பயந்து துப்பாக்கியைக் கீழே அமுக்கும். வலக்கைக்காரர்களுக்குக் குண்டு இடப்பக்கம் கீழே போவது பெரும்பாலும் இதனால்தான். கண்டுபிடிக்க எளிய வழி: நண்பரிடம் மேகசினை (தோட்டா நிரப்பும் கூட்டை) கொடுத்து நடுநடுவே போலித் தோட்டாக்களைச் சொருகச் சொல்லுங்கள். போலி வந்து ‘க்ளிக்’ என்று மட்டும் கேட்கும்போது துப்பாக்கி முனை கீழே குதித்தால், அதுதான் நோய்.

குறை என்னவென்றால் செலவு. நான் வாங்கும் கடையில் 9 மில்லிமீட்டர் அளவுத் தோட்டா 50 கொண்ட பெட்டி ஏறக்குறைய 15 டாலர். உறையிலிருந்து எடுக்க அனுமதிக்கும் ரேஞ்ச் எனக்கு ஒரு மணி நேர ஓட்டம். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய், 200 தோட்டா சுட்டு, எண்ணிப் பார்த்தால் உறையிலிருந்து எடுத்தது நாற்பது தடவைகூட இருக்காது.

வீட்டில், தோட்டா இல்லாமல்

ட்ரை ஃபயர் என்பார்கள். அந்த நாற்பது தடவையைச் சமையலறையில் சாதம் வேகும் நேரத்தில் முடித்துவிடலாம். என் மூன்றரை நொடி, இரண்டு நொடிக்குக் கீழே வந்தது இதனால்தான். நாலு மாதம், வாரம் ஐந்து நாள், தினமும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சுவரில் ஒரு சிறிய அட்டை, டைமரில் இரண்டு சத்தம். முதல் சத்தத்துக்கு எடுத்து, இரண்டாவது சத்தத்துக்குள் குறியில் க்ளிக் கேட்க வேண்டும். முதலில் மூன்று நொடி. அது பத்துக்கு ஒன்பது தடவை சுத்தமாக வந்தால் 2.8. அப்படியே இறங்கிப் போக வேண்டியது.

க்ளாக் போன்ற துப்பாக்கிகளில் ஒரு தொல்லை உண்டு. ஒரு க்ளிக்குக்குப் பிறகு ட்ரிகர் செத்துவிடும். ஸ்லைடை, அதாவது மேலே நகரும் பாகத்தை, இழுத்தால்தான் மறுபடி உயிர் வரும். பரவாயில்லை, இங்கே பழக வேண்டியது முதல் குண்டைத்தான்.

பெரிய ஆபத்து வேறு: நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. குண்டு எங்கே பட்டது என்று காட்ட ஓட்டை இல்லை. குறி சரியாக உட்காரும் முன்பே க்ளிக் செய்துவிட்டு, ‘ஆமாம், பட்டிருக்கும்’ என்று மனம் சொல்லும். பிடியும் மெல்ல மெல்லத் தளரும், ஏனென்றால் உதைக்கப் போவதில்லை என்று கைக்குத் தெரியும். ட்ரை ஃபயர் மட்டும் செய்தவர்கள் ரேஞ்சுக்கு வந்து, முதல் குண்டை அழகாகப் போட்டுவிட்டு மீதி ஐந்தை மேலே பறக்க விடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மாதம் ஒருமுறையாவது நிஜத் தோட்டாவோடு சரிபார்த்தே ஆக வேண்டும்.

போட்டி: இரண்டு கணக்கு, இரண்டு புத்தி

அமெரிக்காவில் ஊர் ஊருக்கு நடக்கும் போட்டிகள் முக்கியமாக இரண்டு வகை: 1984இல் உருவான யூ.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்கச் செயல்முறைத் துப்பாக்கிச் சங்கம்), 1996இல் உருவான ஐ.டி.பி.ஏ. (சர்வதேசத் தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சங்கம்). இரண்டிலும் சுட்டிருக்கிறேன். இவற்றின் வித்தியாசம் முழுக்க மதிப்பெண் கணக்கில் இருக்கிறது.

ஒரு பில் ட்ரில்லையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் 3 நொடியில் ஆறையும் நடுவில் போடுகிறீர்கள். நான் 2.5 நொடியில் நாலை நடுவிலும் இரண்டைச் சற்று வெளியே அடுத்த கட்டத்திலும் போடுகிறேன். யூ.எஸ்.பி.எஸ்.ஏ. புள்ளியை நேரத்தால் வகுக்கும். நடுக்கட்டம் 5 புள்ளி, அடுத்தது சாதாரண 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 3. உங்களுக்கு 30ஐ 3ஆல் வகுத்து 10. எனக்கு 26ஐ 2.5ஆல் வகுத்து 10.4. ஜெயித்தது நான்.

ஐ.டி.பி.ஏ. நேரத்தோடு தண்டனையைக் கூட்டும். அங்கே அடுத்த கட்டத்தில் பட்டால் ஒரு புள்ளி இழப்பு; ஒரு புள்ளி இழந்தால் ஒரு நொடி. உங்களுக்கு 3. எனக்கு இரண்டு நொடி சேர்ந்து 4.5. தோற்றது நான், அதுவும் பெரிய வித்தியாசத்தில். முன்பு அங்கே ஒரு புள்ளிக்கு அரை நொடிதான் தண்டனை; 2017 விதிகளில் அதை ஒரு நொடியாக்கினார்கள். அட்டைகளின் கட்ட அளவுகள் இரண்டிலும் ஒன்றல்ல, ஆனாலும் போக்கு இதுதான்.

தற்காப்புக்கு எது நெருக்கம்? கணக்கில் ஐ.டி.பி.ஏ. என்றே சொல்வேன். தெருவில் தவறிய குண்டு யார் வீட்டுச் சுவருக்குள்ளோ போகிறது. அதற்குப் புள்ளிக் கழிவு கிடையாது, வழக்குதான் உண்டு. சட்டைக்கு அடியிலிருந்து எடுப்பதும், மறைவில் நின்று சுடுவதும் அங்கே வழக்கம். ஆனால் வேகமாகச் சுடக் கற்றுக்கொள்ள யூ.எஸ்.பி.எஸ்.ஏ.தான் சிறந்த பள்ளிக்கூடம். ஒரே சுற்றில் 32 தோட்டா வரை போகும், ஓடிக்கொண்டே சுட வேண்டும், அங்கே வருபவர்களின் தரமும் உயரம். முதல் வருடம் ஐ.டி.பி.ஏ., கை பழகியதும் யூ.எஸ்.பி.எஸ்.ஏ.வையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. இரண்டும் விளையாட்டுதான். அட்டை திருப்பிச் சுடாது. சுடலாமா வேண்டாமா என்ற முடிவை விதிப்புத்தகம் நமக்காக முன்பே எடுத்துவிடுகிறது. ஆனால் பத்துப் பேர் பார்க்க, டைமர் அலற, கை நடுங்க, அப்போதும் பாதுகாப்பு விதிகளை மறக்காமல் இருக்கப் பழகுவதற்கு எனக்குத் தெரிந்து மலிவான வழி இது ஒன்றே.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வழக்கறிஞரிடம் கேட்காமல் போகாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வீட்டுப் பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா அனைத்தும் வேறு அறையில், கதவு சாத்தியிருக்க வேண்டும். துப்பாக்கியைக் கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை சோதிப்பேன். இங்கே வீட்டுச் சுவர்கள் ஜிப்சம் பலகை. குண்டு ஊடுருவி அடுத்த அறைக்குப் போய்விடும். அதனால் என் அட்டை செங்கல் புகைபோக்கியின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. விபத்து அதிகம் நடப்பது பயிற்சியின் நடுவே இல்லை. எல்லாம் முடித்து, மறுபடி தோட்டா நிரப்பிய பிறகு, ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று கை நீளும் அந்தக் கணத்தில்தான். அதனால் கடைசி க்ளிக் முடிந்ததும் அட்டையைக் கிழித்து எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ‘பயிற்சி முடிந்தது’ என்று சத்தமாகச் சொல்வேன். சமையலறையிலிருந்து மனைவி ‘சரி, முடிந்தது’ என்று திருப்பிச் சொல்வாள். அவள் குரல் வரும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.